கசிவு என்று போடுங்கள்

என் அண்ணி பேருந்து நடத்துனர். இருபத்திரண்டு வருடமாக ஒரே பணிமனை, பெரும்பாலும் ஒரே தடம். மூச்சுவிட இடமில்லாத வண்டியிலும் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு யார் காலையும் மிதிக்காமல் போய்விடுவார். டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் வழியே வானத்தை ரசிக்கிற ஆளை முதுகை வைத்தே கண்டுபிடிப்பார். அவர் "உள்ள போங்க" என்று ஒரு சத்தம் போட்டால் வண்டியே ஒரு முழம் நீளும் என்பது அவருடைய ஓட்டுநரின் கருத்து.

அந்தக் குரல் ஒரு விஷயத்தில் மட்டும் தொண்டையைத் தாண்டாது. மருந்துக் கடைக்குப் போவார். "கீழ ஒரு மாதிரி இருக்கு" என்பார். அதற்கு மேல் அவரும் சொல்லமாட்டார், கடைக்காரரும் கேட்கமாட்டார். ஒரு தடவை அரிப்புக்குப் பூசும் களிம்பு கிடைத்தது. அடுத்த தடவை வயிற்று வலி மாத்திரை. அண்ணிக்கு அரிப்பும் இல்லை, வயிற்று வலியும் இல்லை.

"எல்லாம் சூடு," என்பார் என்னிடம். "காலைலேர்ந்து இன்ஜின் மேலயே நிக்கிறேன். உடம்பு சூடாகாம என்ன பண்ணும்?"

ஆனால் வேலைக்குக் கிளம்பும்போது அரை டம்ளர் தண்ணீர் குடிப்பவர், வீடு திரும்பும்வரை அடுத்த வாய் குடிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். கடைசி நிறுத்தத்தில் பணியாளர் கழிப்பறை என்று ஒன்று இருந்தது. அதற்குள் பழைய டயர்களை அடுக்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். "குடிக்கிறது பெரிசில்ல, அதை எறக்கி வைக்க எடம் வேணுமே," என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

நான் ஓர் அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கிறேன். கேள்வித்தாள், ரசீதுப் புத்தகம், மருந்துப் பெட்டி லேபிள் என்று வருவதையெல்லாம் அடிப்போம். கீழ்வீட்டில் அண்ணனும் அண்ணியும், மாடியில் நானும் என் மகளும்.

ஒரு நாள் பெண்கள் மருத்துவமனையிலிருந்து தலைமைச் செவிலியர் ஒருவர் அச்சகத்துக்கு வந்தார். எல்லாரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் முப்பத்திரண்டு பக்கம். பெண்கள் உடம்பைப் பற்றி டாக்டர்கள் சொல்லும் சொற்களுக்கு விளக்கம் எழுதி, சின்னப் புத்தகமாக அடித்து, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கப்போகிறார்களாம். நான் பக்கம் அமைத்து முதல் பிரதி எடுத்துக் கொடுத்ததும் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"எனக்கு எல்லாம் புரியுது. அதான் பயமா இருக்கு," என்றார். "டாக்டரோ நர்ஸோ இல்லாத ஒரு பொம்பளை இதைப் படிக்கணும். புரியாத எடத்துல எல்லாம் வட்டம் போடணும். அப்படி யாராவது இருக்காங்களா?"

புரியாததைப் புரியவில்லை என்று கூசாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அண்ணிதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுத் தாள்களைப் பரப்பினேன். அண்ணி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீருடைப் பையில் எப்போதும் இருக்கும் நீலப் பேனாவை எடுத்து வந்தார். முதல் பக்கத்திலேயே ஐந்து வட்டம் விழுந்தது.

"இங்க பாரு. யோனிக்கு முன்பாகச் சிறுநீர்த் துவாரம் அமைந்துள்ளதுன்னு போட்டிருக்கு. ரெண்டும் வேற வேறயா?"

"வேற வேறதான்னு நினைக்கிறேன், அண்ணி."

"நினைக்கிறியா? ஒரு புள்ளையைப் பெத்தவ நீ."

"நீங்க ரெண்டு பெத்தவங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று காலோடு காலைப் பின்னிக்கொண்டு, முகம் மாறி, எழுந்து குளியலறைக்கு ஓடினார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சிரிக்க வைக்காதடி. சொட்டிடுது."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டாவதைப் பெத்ததுலேர்ந்தே கொஞ்சம் உண்டு. இப்ப ஒரு வருஷமா ஜாஸ்தி. இருமினா, தும்மினா, ஓடிப்போய் வண்டில ஏறினா."

இத்தனை வருடத்தில் அதை அவர் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. நான் பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதே விஷயம்தான். தலைப்பு, சிறுநீர் அடங்காமை.

அண்ணி இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவை மேசைமேல் தட்டினார்.

"அடங்காமையா? நாங்க என்ன அடங்காப்பிடாரிங்களா? இதுவரைக்கும் அடக்கி அடக்கித்தானே இந்தக் கதி ஆயிருக்கு!"

கூடத்தில் இருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்புளியைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருப்பார்.

"யாரு அடங்கலையாம்?"

"உங்க வேலையைப் பாருங்க. இது பொம்பளைங்க சமாசாரம்," என்றார் அண்ணி. சொன்னவரே கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல, வாங்க. நீங்களும் படிங்க. கூடக் குடித்தனம் நடத்தறவர்தானே," என்று ஒரு தாளை நீட்டினார்.

அண்ணன் தாளை வாங்கிக்கொண்டு போனார். அரைமணி நேரம் திருப்புளிகள் துடைக்காமலேயே கிடந்தன.

மாலைக்குள் நாற்பத்தொரு வட்டங்கள். அடங்காமை என்பதை அடித்துவிட்டு ஓரத்தில் 'கசிவு என்று போடுங்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்.

பெரிய சிஸ்டருக்கு அந்தத் தாள்களைக் காட்டியபோது அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பத்தொன்பதாம் பக்கத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "இவங்களை நான் பாக்கணுமே," என்றார்.

புதன்கிழமை அண்ணி விடுப்பு போட்டார். அச்சகத்தின் பின்னறையில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே மூன்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். பெரிய சிஸ்டர் வீணான தாளொன்றின் பின்பக்கத்தில் படம் வரைந்தார்.

"முன்னால சின்னதா இருக்கிறது மூத்திரம் வர்ற துவாரம். நடுவுல யோனி. பீரியட்ஸ் வர்றதும் குழந்தை வர்றதும் அது வழியா. பின்னால மலத்துவாரம். வெளியில உதடு மாதிரி மூடியிருக்கிற பாகத்துக்குத் தனியா ஒரு பேரு, வல்வா. நாம எல்லாத்தையும் சேர்த்துக் 'கீழ'ன்னு சொல்லிட்டுப் போயிடறோம்."

"அப்ப மூணு ஸ்டாப்பிங்குக்கும் ஒரே டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டு இருந்திருக்கோம்," என்றார் அண்ணி. "களிம்பு தப்பான ஸ்டாப்புல எறங்கினதுல ஆச்சரியமே இல்ல."

அடுத்து அவர் கேட்டது வெள்ளைப்படுதல் பற்றி. அந்தச் சொல்லைச் சுற்றி இரட்டை வட்டம் போட்டு 'எது?' என்று எழுதியிருந்தார். பெரிய சிஸ்டர் பிரித்துச் சொன்னார். வாடையும் அரிப்பும் இல்லாமல், தெளிவாகவோ பால் நிறத்திலோ கொஞ்சம் வந்தால் அது உடம்பு தன்னைத்தானே சுத்தம் செய்வது. தயிர் திரிந்த மாதிரி வந்து அரித்தால் பெரும்பாலும் ஈஸ்ட் என்கிற பூஞ்சைத் தொற்று. சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை அடித்தால் அது வேறு, அங்கே இருக்கும் கிருமிகளின் சமநிலை கெட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து மற்றதற்குக் கேட்காது.

"இதை அப்படியே போடுங்க, சிஸ்டர். எல்லாத்துக்கும் ஒரே பேரு வச்சா, நல்லா இருக்கறவ பயப்படுவா, சீக்கு இருக்கறவ சும்மா இருந்துடுவா."

பெரிய சிஸ்டர் குறித்துக்கொண்டார். ஓர் இடத்தில் மட்டும் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. சிறுநீர்ப் பாதைத் தொற்று என்பதை எடுத்துவிட்டு நீர்க்கடுப்பு என்று போடச் சொன்னார் அண்ணி. எல்லாருக்கும் தெரிந்த சொல்லாயிற்றே.

"நீர்க்கடுப்புங்கறது நமக்குத் தெரியற வலி," என்றார் பெரிய சிஸ்டர். "தொற்றுங்கறது அந்த வலிக்குக் காரணம். தண்ணி பத்தாமலும் கடுக்கலாம், கிருமி புகுந்தும் கடுக்கலாம். கடுப்புன்னு மட்டும் எழுதினா, குளிர்ச்சியா எதையாவது குடிச்சுட்டு வீட்டுலயே உக்காந்துடுவாங்க. கிருமி மேல ஏறிக் கிட்னிக்குப் போச்சுன்னா குளிர் ஜுரம், விலாப் பக்கம் வலின்னு படுக்க வச்சுடும்."

அண்ணி தாளில் இருந்த அந்தச் சொல்லை விரலால் தொட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "போகும்போது எரியுது, போயிட்டு வந்த உடனே மறுபடி முட்டுது, போனா நாலு சொட்டுதான் வருது. அது எது?"

"யாருக்கு?"

"எனக்கு. ரெண்டு நாளா. மூணு மாசத்துல இது மூணாவது தடவை."

பெரிய சிஸ்டர் பேனாவை மூடினார். ஜுரம் உண்டா, முதுகு வலி உண்டா என்று கேட்டார். இரண்டும் இல்லை. "இன்னிக்கே போய் எங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைப் பாருங்க. என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லுங்க. 'ஒரு மாதிரி' மட்டும் வேணாம்."

நானும் கூடப் போனேன். அண்ணி உள்ளே போனார், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. ஆனால் முதல் வாக்கியத்தை ஒரு தரம் முனகிப் பார்த்த அண்ணி, இரண்டாவது தரம் வழக்கமான குரலுக்கு வந்துவிட்டார்.

"டாக்டர், எனக்கு ரெண்டு தொந்தரவு. ரெண்டும் வேற வேற. ஒண்ணு, மூத்திரம் போகும்போது எரிச்சல், அடிக்கடி முட்டுது, கலங்கலா வருது, ரெண்டு நாளா. யோனில அரிப்போ வாடையோ இல்ல. இன்னொண்ணு, இருமினா சிரிச்சா மூத்திரம் கசியுது. அது ரொம்ப வருஷமா. பீரியட்ஸ் எட்டு மாசமா கண்டபடி வருது, ராத்திரில வேர்த்துக் கொட்டுது."

பெஞ்சில் ஒன்பது பெண்கள் இருந்தோம். எல்லார் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது.

"நீங்க நர்ஸா?" என்று டாக்டரம்மா கேட்டது காதில் விழுந்தது.

"கண்டக்டர்," என்றார் அண்ணி.

என் பக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியை மாதிரி ஓர் அம்மாள், மடியில் பையை வைத்து இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என் பக்கம் சாய்ந்து, "இருமும்போது கசியறதை எல்லாம் டாக்டர்கிட்ட சொல்லலாமா? நான் சளிக்குன்னு சீட்டு வாங்கியிருக்கேன்," என்றார். "சொல்லலாம். உள்ள இருக்கறவங்க சொல்லிட்டு இருக்காங்க பாருங்க," என்றேன். அவர் எழுந்து போய்ச் சீட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

பரிசோதனையில் தொற்று என்று உறுதியானது. எரிச்சல் அடங்கினாலும் சொன்ன நாட்கள் முடியும்வரை மாத்திரை சாப்பிடவேண்டும் என்றார் டாக்டரம்மா. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் ஏறி இறங்கிக் குறையும். அதனால் யோனியும் சிறுநீர்த் துவாரமும் வறண்டு மெலியும், தொற்று எளிதாகத் திரும்பத் திரும்ப வரும். மறுபடி வந்தால் அதற்கென்று தனி மருந்து இருக்கிறது என்று விளக்கினார். கசிவுக்கு இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில், தண்ணீர் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள் என்றார்.

வாசலுக்கு வந்ததும் அண்ணி நின்றுவிட்டார்.

"எல்லாம் சரி. அடக்காதன்னா எங்க போறது? டயர் மேலயா?"

அந்த மாதக் கடைசியில் பணிமனையில் குறைகேட்புக் கூட்டம் நடந்தது. நான் அங்கே இல்லை. ஆனால் அண்ணியின் ஓட்டுநர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தின் நடுவில் நின்று, எல்லார் பாகத்தையும் தானே நடித்துக் காட்டிவிட்டுத்தான் போனார்.

நூற்றிருபது ஆண்கள், ஏழு பெண்கள். மேலாளர் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்து, "பெண் ஊழியர்களுக்குச் சில சொந்தக் கஷ்டங்கள் இருக்கும். அதைத் தனியா வந்து சொல்லலாம்," என்று அடுத்த விஷயத்துக்குத் தாவப் பார்த்தார். அண்ணி எழுந்து போய் மைக்கைப் பிடித்தார்.

"சொந்தக் கஷ்டம் இல்ல சார், இந்த வேலையால வர்ற கஷ்டம். அதுக்குப் பேர் இருக்கு. சொல்றேன், குறிச்சுக்குங்க. சிறுநீர்ப் பாதைத் தொற்று. மூணு மாசத்துல எனக்கு மூணு தடவை வந்துச்சு. எட்டு மணி நேரம் தண்ணி குடிக்காம, மூத்திரத்தை அடக்கிட்டு நின்னா வராம என்ன செய்யும்? கடைசி ஸ்டாப்புல கழிப்பறை இருக்கு. அதுல உங்க டயர் சௌக்கியமா இருக்கு."

பின்வரிசையிலிருந்து ஓர் இளவட்டம், "அக்கா, மைக் ஆன்ல இருக்கு!" என்று கத்தினான். சிலர் சிரித்தார்கள்.

"ஆன்ல இருக்குன்னு தெரிஞ்சுதான் தம்பி பேசறேன்," என்றார் அண்ணி.

சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் நடத்துனர் எழுந்து, "எனக்கும் வந்திருக்கு," என்றார். இன்னொருவர் எழுந்தார். நான்காவது பெண் எழுந்தபோது ஓட்டுநரும் எழுந்திருக்கிறார். "எனக்கு முட்டினா வண்டிக்குப் பின்னால ஒதுங்கறேன் சார். அதுவே கேவலம்தான். இவங்க எங்க போவாங்க?" என்று கேட்டாராம். இந்த இடத்தை மட்டும் அவர் எங்களுக்கு இரண்டு தடவை நடித்துக் காட்டினார்.

எழுத்தில் கொடுங்கள் என்றார் மேலாளர். அண்ணி சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஒரே பக்கம், ஏழு கையெழுத்து. ஆனால் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வந்தபோது அதில் 'பெண் ஊழியர்கள் சில அசௌகரியங்களைத் தெரிவித்தனர்' என்று மட்டும் இருந்தது. அண்ணி அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"அசௌகரியம்னா செருப்பு கடிக்கிறது," என்றார் எழுத்தரிடம். "நான் சொன்ன வார்த்தை அது இல்ல. நான் சொன்னதை எழுதுங்க, போடறேன்."

எழுத்தர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கூரையைப் பார்த்தார். குறிப்பைத் திருத்தி எழுதினார்கள்.

மூன்று வாரத்தில் டயர்கள் வெளியே போயின. உள்பக்கம் தாழ்ப்பாள், விளக்கு, குழாயில் தண்ணீர், மூடியோடு ஒரு குப்பைத் தொட்டி. கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கும் நேரத்தையும் ஐந்து நிமிடம் கூட்டினார்கள். முதல் நாள் அண்ணி ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலோடு வேலைக்குப் போனதைப் பார்க்க எனக்கு என்னவோ பதக்கம் வாங்கப் போகிற ஆளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

புத்தகமும் வெளிவந்தது. நாற்பத்தொரு வட்டங்களில் முப்பத்தெட்டைப் பெரிய சிஸ்டர் ஏற்றுக்கொண்டிருந்தார்; பத்தொன்பதாம் பக்கத்தில் அடங்காமை போய்க் கசிவு வந்திருந்தது. சிறுநீர்ப் பாதைத் தொற்றும் நீர்க்கடுப்பும் பக்கத்துப் பக்கத்தில், எது வலி எது காரணம் என்ற விளக்கத்தோடு இருந்தன. கடைசிப் பக்கத்தில் டாக்டர்களின் பெயர்களுக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், அண்ணியின் பெயரைப் போட்டு, 'பேருந்து நடத்துனர், சொல் திருத்தம்' என்று சேர்க்கச் சொன்னார். அண்ணியின் பெயரை மட்டும் ஓர் அளவு பெரிய எழுத்தில் வைக்க எனக்குக் கை துறுதுறுத்தது. வைக்கவில்லை.

பயிற்சியை அண்ணி வண்டியிலேயே செய்கிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார். கசிவு முழுதாக நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன்; பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. தொற்று இன்னொரு முறை வந்தது. அன்று மத்தியானமே டாக்டரம்மாவிடம் போய்விட்டார்.

போன மாதம் வேறொரு பணிமனையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே உள்ள பெண் ஊழியர்களிடம் அண்ணி வந்து பேசவேண்டுமாம். என்ன உடுத்துவது என்று அரைமணி நேரம் பீரோவைக் கிளறிவிட்டு, கடைசியில் சீருடையிலேயே போவதாக முடிவு செய்தார். அண்ணன் அதை வாங்கி, மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்படி இஸ்திரி போட்டுக் கொடுத்தார். பிறகு தானும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"நீங்க எதுக்கு?" என்றார் அண்ணி.

"கேக்கத்தான்."

நானும் கூடப் போயிருந்தேன். அறை நிறையப் பெண்கள். அண்ணன் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதல்ல, கீழங்கற வார்த்தையை இன்னியோட விட்டுடுவோம்," என்று ஆரம்பித்தார். ஏற்பாடு செய்த பெண் குனிந்து அண்ணனிடம், "சார், நீங்க ஹெல்த் டிபார்ட்மென்ட்டா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லம்மா," என்றார் அண்ணன், நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த அறைக்கே கேட்கும்படி. "நான் கண்டக்டரம்மாவோட வீட்டுக்காரன்."